இருபத்தேழாம் பலகை

இரவு ஒன்பது நாற்பது. ஊர் முடிந்து ஆறு கிலோமீட்டர். ரோட்டின் இரண்டு பக்கமும் வேலி போட்ட காலி மனைகள்... விளக்குக் கம்பம் இருக்கிறது, விளக்கு இல்லை. மழை விட்டு அரை மணி நேரம் ஆகியிருக்கும். ஒரே ஒரு பைக். ஓட்டுகிறவன் ஒருத்தன். ஹெல்மெட் மட்டும் இரண்டு.

ஒன்று தலையில். இன்னொன்று பக்கவாட்டுக் கம்பியில் மாட்டியிருக்கிறது. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் அது கம்பியில் இடிக்கிறது. டக்... டக்... டக்.

கதை இருக்கட்டும், முதலில் கதவை இழுத்துச் சாத்துங்கள், இங்கே சாரல் அடிக்கிறது. கிரைண்டர்காரரே, கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், அந்த ஸ்கிரீனை மறைக்காதீர்கள். டீ எல்லோருக்கும் வந்ததா? ஐந்து கிளாஸ் ஊற்றினேன். ஒன்று அப்படியே இருக்கிறதே? ஓ, ஏசி மெக்கானிக்குடையதா. சரி, மூடி வையுங்கள். மழைக்கு எங்காவது ஒதுங்கியிருப்பான் என்கிறீர்கள். இருக்கட்டும்.

மழை விடும் வரை சூப்பர்வைசர், கிரைண்டர்காரர், ஸ்குரூக்காரர், நீங்கள் மூன்று பேரும் கிளம்ப முடியாது. விடியும் வரை நான் இந்த கேட் ரூமை விட்டு நகர முடியாது. பேய்க் கதை கேட்டீர்கள், சொல்கிறேன். இது என் நண்பன் ஒருவனுடைய சகலைக்கு நடந்தது. கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் தூக்கம் வரவில்லை என்று எனக்குப் போன் பண்ணக் கூடாது. பண்ணினாலும் எடுக்க மாட்டேன்.

அந்த நண்பனைத் தூக்குக்குண்டு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். சூப்பர்வைசர். பேன்ட் பாக்கெட்டில் எப்போதும் நூல் சுற்றிய ஒரு பித்தளைக் குண்டு வைத்திருப்பான். சுவரைக் கண்டால் போதும், நூலைத் தொங்கவிட்டுப் பார்ப்பான். தன் கல்யாண மண்டபத்துச் சுவருக்கே தொங்கவிட்டுப் பார்த்தான் என்று அவன் மாமனார் சொல்லிச் சிரிப்பார். சகலை வெல்டர். அக்காளைக் கட்டியவன் இவன், தங்கச்சியைக் கட்டியவன் அவன். வெல்டருக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே தூக்குக்குண்டுதான். இரண்டு பேரும் ஒரே பைக்கில் வருவார்கள், ஒரே பைக்கில் போவார்கள்.

அவர்கள் கட்டியதும் இதே மாதிரி, கம்ப்யூட்டர்களைப் பூட்டி வைக்கும் ஒரு டேட்டா சென்டர்தான். சுவர் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் கட்டாத சுவரா. ஜன்னல் கிடையாது. ஃபால்ஸ் சீலிங்கோடு சுவரை நிறுத்தக் கூடாது, தரை கான்கிரீட்டிலிருந்து மேல் கான்கிரீட் வரை போக வேண்டும். இல்லாவிட்டால் திருடன் சீலிங் அட்டையைத் தூக்கிவிட்டு மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்கிவிடுவான். வெளிச்சுவர் கான்கிரீட். உள்சுவர் பலகை, நடுவில் இரும்பு வலை, மறுபடி பலகை. இரண்டு சுவருக்கும் இடையில் ஒரு ஆள் பக்கவாட்டில் நகரும் அளவுக்கு ஒரு சந்து. ஹாலை நாலு பக்கமும் சுற்றி வரும். அதற்குள் போன் சிக்னல்கூட நுழையாது. வேலை முடிந்ததும் அந்தச் சந்தை நிரந்தரமாக மூடிவிட வேண்டும். கடைசிப் பலகைக்குப் போடும் ஸ்குரூ சாதாரண ஸ்குரூ இல்லை. இறுக்க இறுக்க ஒரு கட்டத்தில் தலை முறிந்து கையோடு வந்துவிடும். டக். அப்புறம் அதைக் கழற்ற முடியாது, சுவரைத்தான் அறுக்க வேண்டும்.

தூக்குக்குண்டுவுக்கு இந்தச் சுவர் மேல் அப்படி ஒரு கர்வம். கேபிள் போகிற ஓட்டையைச் சுற்றிப் பசை பூசும்போது அவனே உட்கார்ந்து விரலால் தடவிப் பார்ப்பான். "எறும்பு இல்லை, எறும்போட மூச்சுக்காத்துகூட வெளிய வரக் கூடாது" என்பான். வந்தவர்கள் போனவர்கள் எல்லோரிடமும் இதைச் சொல்வான்.

அங்கே கேட்டில் ஒரு போர்டு. உள்ளே எத்தனை பேர் என்று சிவப்பு எழுத்தில் காட்டும். உள்ளே போகும்போது கார்டைத் தட்டினால் ஒன்று ஏறும், வெளியே வரும்போது தட்டினால் ஒன்று இறங்கும். மூடுகிறவர்கள் உட்பட எல்லோரும் வெளியே தட்டி, போர்டில் பூஜ்யம் வந்தால்தான் கடைசிப் பலகையை மூடலாம். நல்ல சட்டம்தான். ஆனால் வெல்டர்கள் கழுத்தில் கார்டு போட மாட்டார்கள். பொறி பட்டுக் கயிறு உருகிக் கழுத்தில் ஒட்டிக்கொள்ளும். இவன் கார்டின் கயிறு ஏற்கெனவே பாதி கருகியிருந்தது. அதனால் உள்ளே நுழைந்ததும் கழற்றிச் சகலை கையில் கொடுத்துவிடுவான். சாயங்காலம் வாங்கித் தட்டுவான். சில நாள் தூக்குக்குண்டுவே இரண்டையும் சேர்த்துத் தட்டுவான். அதிலென்ன, பின்னாலேயே வருகிறான், ஒரே பைக்கில்தானே போகப் போகிறார்கள்... எல்லா சைட்டிலும் நடக்கிறதுதான்.

இல்லையா, சூப்பர்வைசர்? ஒன்றுமில்லை, சும்மா கேட்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆடிட். சுவரைச் சோதிக்க வெளியூரிலிருந்து ஆள் வருகிறார்கள். அதில் தேறினால் தூக்குக்குண்டு கட்டடம் முழுவதற்கும் மேனேஜர், தேறாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். மாலை ஆறு மணிக்குள் சந்தை மூடியாக வேண்டும். அன்றைக்கென்று மழை. எல்லோரும் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு கேட்டில் முண்டியடிக்கிறார்கள். போர்டில் எண் இறங்குகிறது... பத்து, ஏழு, நாலு, இரண்டு. தூக்குக்குண்டு தன் கார்டைத் தட்டினான். ஒன்று. மூடும் கும்பல் ஸ்குரூ மிஷினோடு அந்தப் பக்கம் காத்திருக்கிறது. வெல்டரைக் காணோம்.

பாக்கெட்டிலிருந்து கயிறு கருகிய கார்டை எடுத்தான். தட்டினான். டிங். ஐந்து ஐம்பத்திரண்டு. போர்டு பூஜ்யம்.

இருபத்தேழாம் பலகையைத் தூக்கி வைத்தார்கள். டக். டக். டக். ஒவ்வொரு தலையாக முறிந்து தரையில் விழுந்தது. அப்புறம் சட்டப்படி சந்துக்குள் இருந்த கரண்டை நிறுத்தினார்கள். கரண்ட் மட்டும் இருந்திருந்தால் அவன் கையில் இருந்த மிஷினை வைத்து அரை மணியில் அறுத்துக்கொண்டு வந்திருப்பான். கெட்டிக்காரன்.

ஆடிட் பேப்பர்களை எழுதி முடித்துத் தூக்குக்குண்டு கிளம்ப இரவாகிவிட்டது. இப்போது ரோட்டுக்கு வாருங்கள். ஒன்பது நாற்பது. ஹெல்மெட் இடிக்கிறது. டக், டக், டக். வெல்டர் அப்போதே கிளம்பிவிட்டான் என்றால் அவன் ஹெல்மெட் எப்படி இந்த வண்டியில் தொங்குகிறது? தூக்குக்குண்டு அதை யோசிக்காமல் ஓட்டினான். யோசிக்காமல் இருப்பதற்காகவே வேகமாக ஓட்டினான் என்று என்னிடமே சொன்னான். போன் அடித்தது. நிறுத்தி எடுத்தான். வெல்டரின் பெண்டாட்டி.

"மாமா, அவரு உங்ககூடத்தான வர்றாரு? போன் போட்டா லைனே கிடைக்கல. பாப்பா தூங்காம உக்காந்திருக்கா."

"அவன் அப்பவே போயிட்டானேம்மா."

"எப்போ மாமா?"

"அஞ்சு அம்பத்திரெண்டுக்கு."

கேட்டீர்களா? யாராவது ஒரு ஆள் கிளம்பிய நேரத்தை இப்படி நிமிடக் கணக்கில் சொல்வார்களா? பொய் சொல்கிறவனுக்குத்தான் நேரம் இவ்வளவு சுத்தமாக ஞாபகம் இருக்கும்.

போனை வைத்தான். உடனே மறுபடி அடித்தது. இப்போது சைட்டின் கண்ட்ரோல் ரூம் வாட்ச்மேன். "சார், சென்சாரை இப்பத்தான் ஆன் பண்ணினேன், இருபத்தேழாம் பலகையில அடிக்குது சார். கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போங்க."

அந்த இரும்பு வலை முழுக்க சென்சார் கம்பி பின்னியிருக்கும். யாராவது சுவரைத் தட்டினால், துளைத்தால், ஸ்கிரீனில் ஒரு கோடு எழும். எந்தப் பலகை, எந்தப் பக்கம், எத்தனை மணி, எல்லாம் வரும். அதற்கு ஒரு குமிழ் உண்டு. காதைக் கூட்டலாம், குறைக்கலாம். பத்தில் வைத்தால் ஈ உட்கார்ந்தாலும் சொல்லும். ஒன்றில் வைத்தால் லாரி மோதினால்தான் சொல்லும்.

தூக்குக்குண்டு வண்டியைத் திருப்பினான்.

அவன் வந்தபோது ஸ்கிரீனில் மூன்று கோடு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று. பலகை இருபத்தேழு... உள்பக்கம்.

"உள்ள யாரும் இல்லையே சார்?" என்றான் வாட்ச்மேன்.

"போர்டு என்ன சொல்லுது?"

"பூஜ்யம் சார்."

"அப்புறம் என்ன கேள்வி?"

ஆனாலும் தூக்குக்குண்டு உள்ளே போய்ப் பார்த்தான். ஹாலில் ஒரே ஒரு விளக்கு. புதுப் பசை வாசனை. அதற்கு அடியில் இன்னொரு வாசனை... அப்போதுதான் பற்றவைத்த இரும்பின் வாசனை. பலகையில் காதை வைத்தான். உள்ளே பஞ்சு அடைத்திருக்கிறது, கத்தினாலும் கேட்காது. ஆனால் மிக மெல்லிசாக, பத்து வீடு தள்ளி யாரோ அம்மி கொத்துவது மாதிரி... டக், டக், டக். வெல்டர்கள் கசடு தட்ட வைத்திருக்கும் சின்னச் சுத்தியல். அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியாதா?

தெரிந்தது. அவன் பதிலுக்குத் தட்டவில்லை. கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தான்.

அவன் கெட்டவன் இல்லை. அந்த வெல்டரின் குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு ராத்திரி படுத்துக் கிடந்தவன். ஆனால் சுவரை அறுத்தால் காலையில் ஆடிட் போச்சு. கார்டைத் தட்டியது யார் என்று கேட்பார்கள். வேலையும் போகும், கேஸும் வரும். அவன் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டான். ஏழு மணிக்கு ஆடிட் ஆரம்பம், மதியத்துக்குள் முடிந்துவிடும். முடிந்ததும் நானே அறுத்து வெளியே எடுக்கிறேன். ஒரு ராத்திரி தாங்க மாட்டானா? இரும்பு மாதிரி உடம்பு. காலில் விழுந்தாவது சமாதானம் செய்துவிடலாம். இந்தக் கணக்கில் அவன் ஒன்றே ஒன்றை விட்டுவிட்டான். மூச்சுக்காற்றுகூட வெளியே வராத சுவருக்குள் மூச்சுக்காற்று எப்படிப் போகும்?

"புதுச் சுவரு, காயும்போது அப்படித்தான் சத்தம் கொடுக்கும். எட்டுல வை" என்றான்.

வாட்ச்மேன் எட்டில் வைத்தான். ஸ்கிரீன் அடங்கியது. கால் மணி நேரம். பிறகு எட்டிலும் கோடு எழுந்தது. உள்ளே இருந்தவன் இன்னும் ஓங்கித் தட்ட ஆரம்பித்திருந்தான்.

"ஆறுல வை."

ஆறிலும் கேட்டது. ஒரு மணிக்கு நாலில் வைத்தார்கள். வெல்டரின் பெண்டாட்டி ஏழு தடவை போன் செய்தாள், தூக்குக்குண்டு எடுக்கவில்லை. மூன்று மணிக்குக் குமிழ் மூன்றில் இருந்தது. மூன்று கோடு... இடைவெளி... மூன்று கோடு. பிறகு இரண்டு கோடு. பிறகு ரொம்ப நேரம் கழித்து ஒன்று. நாலு பத்துக்கு ஒரு சின்னக் கோடு, பாதி எழுந்து விழுந்தது. அப்புறம் ஸ்கிரீன் தண்ணீர் மாதிரி கிடந்தது. தூக்குக்குண்டு நாற்காலியிலேயே தூங்கிப்போனான். தூங்கினான்! அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

காலையில் ஆடிட்காரர்கள் வந்தார்கள். முதலில் காற்றுச் சோதனை. பெரிய ஃபேன் வைத்துக் காற்றை அடித்து எங்கே கசிகிறது என்று பார்த்தார்கள். எங்கேயும் கசியவில்லை. "இந்த மாதிரி ஒரு சுவரை நாங்க பாத்ததே இல்லை" என்று கை குலுக்கினார்கள். பிறகு சென்சார் சோதனை. குமிழைப் பத்துக்கு ஏற்றச் சொல்லிவிட்டு, ஒரு ஆள் சும்மா கண்ணில் பட்ட பலகையில் சுத்தியலால் மூன்று அடி அடித்தார். எந்தப் பலகை என்று நான் சொல்ல வேண்டுமா?

ஸ்கிரீனில் ஆறு கோடு எழுந்தது. மூன்று வெளிப்பக்கம். மூன்று உள்பக்கம்.

"எதிரொலியா?" என்றார் ஆடிட்காரர்.

"ஆமா சார்" என்றான் தூக்குக்குண்டு.

கை தட்டினார்கள். அன்று மதியம் அவன் சுவரை அறுக்கவில்லை. மறுநாளும் அறுக்கவில்லை. இப்போது அறுத்தால் என்ன வெளியே வரும் என்று அவனுக்குத் தெரியும். போலீஸ் வந்தது. கார்டு ரிப்போர்ட்டைப் பார்த்தது. ஐந்து ஐம்பத்திரண்டுக்கு ஆள் வெளியே போயிருக்கிறான் என்று மிஷினே சொல்கிறது. கேமராவில் வெறும் மழைக்கோட்டுக் கூட்டம். ஆகவே ஊரெல்லாம் தேடினார்கள். உள்ளே மட்டும் தேடவில்லை. நாற்றம்கூட வரவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. மாமனார் வீட்டில் எல்லோரும் கூடி அழுதுகொண்டிருக்கும்போது தூக்குக்குண்டு எழுந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்: "எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அவனுக்கு வேற ஒரு தொடர்பு இருந்துச்சு. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்." அதோடு தேடல் நின்றது. அந்தப் பெண் அன்றைக்குத் தாலியைக் கழற்றிச் சுவரில் அடித்தாள். குழந்தையிடம் அப்பா போட்டோவைக் காட்டுவதையே விட்டுவிட்டாள். சுவருக்குள் ஒரு ராத்திரி முழுக்கத் தட்டிக்கொண்டே செத்தவனுக்கு வீட்டில் இப்படி ஒரு பேர்.

கிரைண்டர்காரரே, ஏன் அந்தப் பக்கமே பார்க்கிறீர்கள்? அது போர்டுதான். மழையில் நனைந்த என் கோட்டு, காயட்டும் என்று அதன் மேல் மாட்டியிருக்கிறேன். பிறகு எடுக்கிறேன்.

போர்டு என்றதும் ஞாபகம் வருகிறது. ஆடிட் முடிந்த மறுநாள் சாயங்காலம் எல்லோரும் வெளியே வந்தாகிவிட்டது. போர்டில் பூஜ்யம் வரவில்லை. ஒன்று. ஆட்களை எண்ணினார்கள், எல்லோரும் இருந்தார்கள். மறுநாளும் ஒன்று. கம்பெனி ஆள் வந்து போர்டையே மாற்றினான். புதுப் போர்டிலும் ஒன்று. பூஜ்யம் வராமல் ராத்திரிக் கதவு பூட்டாது. ஒருத்தன் உள்ளே போய்த் தேடிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அது சட்டம். நாலாம் நாள், யாரும் பார்க்காதபோது, தூக்குக்குண்டு அந்தக் கருகிய கயிறு கார்டை எடுத்துத் தட்டினான். ஒரு தடவை வெளியே போன கார்டு, உள்ளே வராமல் மறுபடி வெளியே போக முடியாது. சிவப்பு விளக்குதான் எரிய வேண்டும்.

டிங். பச்சை. பூஜ்யம்.

அன்றிலிருந்து தினமும். பதினோரு மாதம். மேனேஜர் நாற்காலி, தனி ரூம், பெயர்ப் பலகை எல்லாம் வந்தது. சாயங்காலமானால் கேட்டுக்கு வந்து செத்தவன் கார்டைத் தட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக முடியும். தட்டும்போதெல்லாம் சட்டைப் பாக்கெட்டில் பற்றவைத்த இரும்பு வாசனை. லீவு போட முடியாது. காய்ச்சல் என்று படுக்க முடியாது. அவன் பெண்டாட்டி, "ராத்திரியெல்லாம் கட்டிலைத் தட்டிக்கிட்டே தூங்குறாருண்ணே" என்று அழுதாள். மூன்று மூன்றாகத் தட்டுவானாம்.

ஒரு நாள் தாங்க முடியாமல் கார்டைச் சாக்கடையில் வீசிவிட்டான். மழை நாள். தண்ணீர் அடித்துக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தான். அன்று ராத்திரி கண்ட்ரோல் ரூமுக்கு வந்து உட்கார்ந்து வாட்ச்மேனிடம் எல்லாவற்றையும் சொன்னான். ரோடு, ஹெல்மெட், போன், எல்லாம். கடைசியாக ஒன்று சொன்னான்.

"பலகைய மூடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை உள்ள எட்டிப் பாத்தேன். கோடியில, வளைவுல, நீல வெளிச்சம் ஒண்ணு மினுக்குச்சு. மின்னல்னு நினைச்சுக்கிட்டேன்."

ஜன்னலே இல்லாத கட்டடத்தில் மின்னல்.

சொல்லிவிட்டு எழுந்தான். போர்டில் ஒன்று. தட்டக் கார்டு இல்லை. "நானே போய்ப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுறேன்" என்று தன் கார்டைத் தட்டி உள்ளே போனான். போர்டு இரண்டானது. கேமராவில் அவன் இருபத்தேழாம் பலகைக்கு முன்னால் நிற்பது தெரிந்தது. பாக்கெட்டிலிருந்து தூக்குக்குண்டை எடுத்து, நூலைப் பிடித்துத் தொங்கவிட்டான். பழக்கதோஷம். குண்டு நேராக நிற்கவில்லை... சுவர்ப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. கேமரா ஒரு தடவை நீலமாக மினுக்கியது. பிறகு ஹால் காலி.

அதே நேரம் கேட்டில், யாருமே இல்லாத இடத்தில், டிங் என்றது. வாட்ச்மேன் ரிப்போர்ட்டைப் பார்த்தான். தூக்குக்குண்டுவின் கார்டு. வெளியே. அப்போது மணி இரவு பதினொன்றுக்கு மேல். ரிப்போர்ட்டில் மட்டும் ஐந்து ஐம்பத்திரண்டு.

போலீஸ் வந்தது. ஆள் வெளியே போயிருக்கிறான் என்று மிஷின் சொன்னது. வெளியே தேடினார்கள். பலகையில் ஒரு கீறல் இல்லை, ஸ்குரூ எல்லாம் தலை முறிந்தது முறிந்தபடி இருந்தது.

அவ்வளவுதான் கதை. என்ன சூப்பர்வைசர், டீ ஆறிவிட்டதே?

"வாட்ச்மேனுக்கு எல்லாம் எப்படி இவ்வளவு விவரமா தெரியும்?" நல்ல கேள்வி, ஸ்குரூக்காரரே. எட்டு, ஆறு, நாலு, மூன்று... குமிழைத் திருகியது யார் என்று இவ்வளவு நேரம் யாரும் கேட்கவில்லையே என்று பார்த்தேன். நான்தான். இந்தக் கைதான். அவன் வை என்றான், நான் வைத்தேன். எனக்கும் சந்தேகம் இருந்தது. எனக்கும் வேலை வேண்டியிருந்தது. அது இந்தக் கட்டடம்தான், கண்ட்ரோல் ரூம் என்றது இந்த அறையைத்தான். நீங்கள் கட்டும் புது ஹாலுக்கு அடுத்த ஹால்.

இதோ பாருங்கள். இரண்டு கார்டு. ஒன்றின் கயிறு பாதி கருகியிருக்கிறது, தொட்டுப் பாருங்கள், வேண்டாமா? சரி. அவன் போன மறுநாள் காலையில் இந்த மேஜை மேல் இருந்தது, ஈரமே இல்லாமல். தூக்குக்குண்டுவின் கார்டும் பக்கத்தில். அன்றிலிருந்து போர்டு இரண்டில்தான் நிற்கும். தினமும் நான் இரண்டையும் தட்டுவேன். பூஜ்யமாகும். கதவு பூட்டும். நானும் பேசாமல் இருக்கிறேன், அவர்களும் பேசாமல் இருக்கிறார்கள்.

இன்று சாயங்காலம் நீங்கள் வெளியே தட்டிவிட்டுப் போய்ப் புது ஹாலின் கடைசிப் பலகையை மூடினீர்கள். ஸ்குரூத் தலை முறியும் சத்தம் இங்கே வரை கேட்டது. நீங்கள் உள்ளே போனபோது எண்ணி நாலு பேர். வெளியே வந்தபோதும் மிஷினில் நாலு டிங். நான் வழக்கம்போல இரண்டு கார்டையும் தட்டினேன்.

கோட்டை எடுக்கிறேன். பாருங்கள்.

ஒன்று.

ஏசி மெக்கானிக் காற்று போகிற டக்ட் ஓட்டைக்குள் நுழையும்போது கயிறு மாட்டும் என்று கார்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் போவான். யாரிடம் கொடுத்தான்? கிரைண்டர்காரர் இல்லை என்று தலையாட்டுகிறார். ஸ்குரூக்காரரும் இல்லை. சூப்பர்வைசர், நீங்கள் ஏன் தரையைப் பார்க்கிறீர்கள்? பாக்கெட்டில் இரண்டு கயிறு தெரிகிறதே.

"மழையா இருந்துச்சுண்ணே... பின்னாடியே வந்துடுவான்னு நினைச்சேன்."

அவன் போனுக்கு அடியுங்கள். அடியுங்கள், சொல்கிறேன்... கேட்கிறதா? அந்தத் தட்டில்தான் அடிக்கிறது. காலையில் நீங்கள் எல்லோரும் உள்ளே போகும்போது போனை வைத்துவிட்டுப் போன தட்டு.

இப்போது ஸ்கிரீனைப் பாருங்கள். புது ஹால். ஒன்பதாம் பலகை. உள்பக்கம். மூன்று கோடு. இடைவெளி. மூன்று கோடு. கதை ஆரம்பித்ததிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கிறது, கிரைண்டர்காரர் மறைத்துக்கொண்டிருந்ததால் நீங்கள் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டேதான் பேசினேன். யாராவது வாயைத் திறப்பீர்கள் என்று நினைத்தேன்.

குமிழ் பத்தில் இருக்கிறது. கிரைண்டர் உங்கள் கருவிப் பைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கரண்ட் ஸ்விட்ச் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அறுத்தால் அரை மணி நேரம். உயிரோடுதான் இருக்கிறான், தட்டுகிறானே. காலையில் ஏழு மணிக்கு உங்களுக்கு ஆடிட், அதுவும் எனக்குத் தெரியும். மணி இப்போது ஒன்பது நாற்பது.

சொல்லுங்கள், என்ன செய்யட்டும்? கிரைண்டர்காரரே? ஸ்குரூக்காரரே? ஏன் இரண்டு பேரும் சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்கிறீர்கள்?

சூப்பர்வைசர், நீங்களாவது சொல்லுங்கள். மூன்று கோடு மறுபடி வந்துவிட்டது. என்ன, காதில் விழவில்லை, கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்.

"அண்ணே... அதை எட்டுல வைங்க."